கண்மாய் நிறைந்திருக்கிறது

இங்கிலீஷ் இலக்கணத்தை நான் அடிக்குப் பயந்து கற்றுக்கொண்டேன். கட்டுரை எழுதக் கற்றுக்கொண்டது வெட்கத்தினால். அந்த இரண்டையும் வைத்துக்கொண்டு நான் செய்த ஒரு காரியத்தை இத்தனை வருஷமாக ஒருவரிடமும் சொன்னதில்லை. சொல்லக் கூடாது என்று எனக்கு உத்தரவு இருந்தது. உத்தரவு போட்டவர் போய்ச் சேர்ந்துவிட்டார். எனக்கும் வயதாகிவிட்டது. இனிமேலும் மூடி வைத்துக்கொண்டு என்ன ஆகப்போகிறது?

மதுரைக்கு மேற்கே பத்துப் பன்னிரண்டு மைலில் எங்கள் ஊர். ஒரு கண்மாய், அதை நம்பி ஊருக்குக் கிழக்கே நெல் வயல், மற்றதெல்லாம் வானத்தைப் பார்த்த புஞ்சை. எங்கள் ஊரிலிருந்து பட்டணத்துப் பள்ளிக்கூடத்துக்குப் போன முதல் ஆள் நான். என் அப்பாவுக்குக் கையெழுத்துப் போட வராது. அவரை நாங்கள் அய்யா என்று கூப்பிடுவோம். நான் வாசிப்பதை அவர் சாமி பாட்டுக் கேட்பதுபோலக் கேட்பார், அது பூகோளப் பாடமாக இருந்தாலும்.

கோரிப்பாளையத்தில் ஒரு மாடி அறையில் இன்னும் இரண்டு மாணவர்களோடு தங்கியிருந்தேன். காலையில் வைகைப் பாலத்தைக் கடந்து அக்கரையில் இருந்த பள்ளிக்கூடத்துக்கு நடப்போம். எங்கள் இங்கிலீஷ் வாத்தியார் கோட்டும் தலைப்பாகையுமாக வருவார். வினைச்சொல்லின் மூன்று காலங்களையும் பாலத்தில் நடக்கும்போதே நான் உருப்போட்டுக்கொள்வேன். ஒன்று தவறினால் பெஞ்சு மேல் நிற்க வேண்டும், இரண்டு தவறினால் பிரம்பு. மாட்டுக்கு லாடம் அடிக்கிற மாதிரிதான் எங்களுக்கு இலக்கணம் அடித்தார்கள். வலித்தாலும் அது நின்றது, அதைக் குறை சொல்ல மாட்டேன்.

கட்டுரை வகுப்பு வேறு மாதிரி. ஐந்தாம் ஃபாரத்தில், இப்போதைய பத்தாம் வகுப்பில், ஒருநாள் வாத்தியார் என்னை எழுப்பி, “உன் ஊரில் என்ன இருக்கிறது, சொல்லு. அதைக் கட்டுரையாக்குவோம்” என்றார். எனக்கு இங்கிலீஷ் வரவில்லை. தமிழிலேயே சொன்னேன்.

“ஒரு கம்மாய் இருக்கு சார். மழை பெஞ்சா அம்புட்டுத் தண்ணி கெடக்கும். இல்லாட்டி மாடு மேயும்.”

வகுப்பு முழுவதும் சிரித்தது. கோயில் மாசி வீதிப் பையன்கள் வேண்டுமென்றே இன்னும் கொஞ்சம் நீட்டிச் சிரித்தார்கள். “அம்புட்டுத் தண்ணியா? எம்புட்டுத் தண்ணி?” என்று ஒருவன் பின்னாலிருந்து கேட்டான். அன்றிலிருந்து பள்ளிக்கூடத்தில் என் பெயர் அம்புட்டு.

வாத்தியார் என்னைப் பார்த்துச் சலித்துக்கொண்டு, கட்டுரைப் புத்தகத்திலிருந்து ‘எங்கள் கிராமம்’ என்ற மாதிரிக் கட்டுரையைச் சொல்லச் சொல்ல எழுத வைத்தார். அந்தக் கிராமத்தைச் சுற்றிப் பச்சைப் பசேலென்று வயல். நடுவில் தெளிந்த நீர்நிலை, கண்ணாடிபோல வானத்தைக் காட்டும். ஆட்டிடையன் குழல் ஊதுவான். மாலையில் மணியோசை கேட்கும். குடிகள் மனநிறைவோடு வாழ்வார்கள், தங்களை ஆளும் அரசை வாழ்த்துவார்கள். எங்கள் ஊர் இடையன் குழல் ஊதி நான் பார்த்ததில்லை. அவனுக்கு ஆட்டை வையவே நேரம் போதாது.

கட்டுரைக்கு மூன்று பாகம் என்றார் வாத்தியார். முகவுரையில் புகழ வேண்டும், நடுவில் வருணிக்க வேண்டும், முடிவில் மகிழ வேண்டும். “அழுதுகொண்டே முடித்தால் இரண்டு மார்க் போகும். படிக்கிறவர் மனம் சந்தோஷப்பட வேண்டும்” என்பார். நான் அந்தக் கட்டுரையை ஒரு காற்புள்ளி விடாமல் மனப்பாடம் செய்தேன். பரீட்சையில் எங்கள் ஊர்ப் பெயரை மட்டும் நுழைத்து அப்படியே எழுதினேன். பத்துக்கு எட்டு வந்தது. வாத்தியார் நோட்டைத் தூக்கிக் காட்டி, “பாருங்கள், இவன்கூடத் தேறிவிட்டான்” என்றார். அந்த ‘கூட’ கொஞ்சம் குத்தியது. ஆனாலும் அன்று பாலத்தில் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்தேன். என் சொந்த ஊரை மறைத்துவிட்டு வேறு எவனுடைய ஊரையோ காட்டியதற்கு எட்டு மார்க் என்று அப்போது எனக்கு உறைக்கவில்லை.

அந்த வருஷ மழையில் எங்கள் கண்மாய்க் கரை உடைந்தது. வயலுக்குத் தண்ணீர் விடுகிற மடை ஒன்று உண்டு, கல் வைத்துக் கட்டியது. அதன் கல் சரிந்து, பக்கத்துக் கரையும் ஒரு வண்டி போகிற அகலத்துக்குப் பிளந்துகொண்டது. கோடை லீவுக்கு நான் ஊருக்கு வந்தபோது சாவடியில் ஊர்க்கூட்டம் நடந்துகொண்டிருந்தது.

வழக்கமாக இப்படி உடைந்தால் ஊரே சேர்ந்து அடைக்கும். வீட்டுக்கு ஓர் ஆள், ஒரு மண்வெட்டி, ஒரு கூடை. வராத வீட்டுக்கு வயலில் தண்ணீர் முறை கிடையாது. குடிமராமத்து என்று அதற்குப் பெயர். ஆனால் இந்த முறை கல் வேலையும் சேர்ந்திருந்ததால் சர்க்காருக்கு மனுப் போட்டுப் பார்க்கலாம் என்று பேச்சு வந்தது. ஊர் நாட்டாண்மை எனக்கு மாமன் முறை. அவர்தான் முடித்துச் சொன்னார்.

“மனுவைப் போடுவோம். ஆவணிக்குள்ள பதில் வரணும். வரலைன்னாலும் சரி, முடியாதுன்னு வந்தாலும் சரி, அன்னிக்கே கூடையத் தூக்கிருவோம். ஐப்பசி மழைக்குள்ள கரை நிக்கணும், அம்புட்டுத்தான்.”

கணக்குப்பிள்ளை தமிழில் நன்றாக மனு எழுதுவார். அவர் காகிதத்தைக்கூட எடுத்துவிட்டார். என் அய்யாதான் எழுந்து துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, “தமிழ்ல எழுதுனா கட்டோட கட்டாக் கெடக்கும். இங்கிலீசுல போனாத்தான் தொரை கண்ணுல படும். எம்மகன் எழுதட்டும். நம்பிக் குடுங்க” என்றார். ஊர் அவரைப் பார்த்தது. பிறகு என்னைப் பார்த்தது. எனக்கு வராது என்று அந்த இடத்திலேயே நான் சொல்லியிருக்க வேண்டும். எட்டு மார்க் வாங்கிய வாய் அதைச் சொல்லவில்லை.

மூன்று நாள் உட்கார்ந்தேன். மடைக்கு இங்கிலீஷில் என்னவென்று எனக்குத் தெரியாது. உடைப்புக்குத் தெரியாது. கரை, கல், சரிவு, கூடை, மண் எதுவும் எங்கள் பாடத்தில் வந்ததில்லை. பாடத்தில் வந்ததெல்லாம் ரோஜாப்பூவும் ரயில் பிரயாணமும். இருந்த ஒரே சரக்கு ‘எங்கள் கிராமம்’. முதலில் ஊரைப் பற்றி நாலு நல்ல வார்த்தை, அப்புறம் விஷயத்துக்கு வரலாம் என்றுதான் ஆரம்பித்தேன். பேனா தானாக ஓடியது. பச்சை வயல் வந்தது, கண்ணாடிபோல நிறைந்த நீர்நிலை வந்தது, அதை எங்கள் கண்மாய் என்று மாற்றிக்கொண்டேன். இடையன்கூட வந்தான். விஷயத்துக்கு வர வேண்டிய இடத்தில் முடிவுரை வந்து நின்றது. அழுதுகொண்டே முடிக்கக் கூடாதே. ‘எங்கள் கண்மாயின்மீது சர்க்கார் எப்போதும் கருணை வைக்க வேண்டும்’ என்று ஒரு வரி சேர்த்து, குடிகளின் மனநிறைவோடு முடித்தேன்.

தெரியாமல் செய்தேன் என்று சொல்லித் தப்பிக்க மாட்டேன். பாதி தெரிந்துதான் இருந்தது. அந்தக் கருணை வரி போதும், துரை புரிந்துகொள்வார் என்று என்னையே ஏமாற்றிக்கொண்டேன்.

சாவடியில் மனுவை உரக்கப் படிக்கச் சொன்னார்கள். படித்தேன். இரண்டு முழுப் பக்கம். ஒரு வார்த்தை புரியாத ஊர், மூச்சுக் காட்டாமல் கேட்டது. “தண்ணி மாதிரிப் போகுதே!” என்றார் நாட்டாண்மை மாமன். அய்யா மட்டும் ஒரு கேள்வி கேட்டார்.

“கம்மாயைப் பத்திச் சொல்லிட்டியா?”

“சொல்லிட்டேன்ய்யா.”

“எந்த எடத்துல?”

விரலை வைத்துக் காட்டினேன். அவர் குனிந்து அந்த வரியைத் தொட்டுப் பார்த்தார். பிறகு ஊரார் ஒவ்வொருவராக வந்து அதன் கீழே பெருவிரலை மையில் ஒற்றி வைத்தார்கள். எங்கள் கண்மாய் நிறைந்து ததும்புகிறது என்பதற்கு நாற்பது ஐம்பது கைநாட்டு. என் அய்யாவுடையதுதான் முதல்.

ஆவணி பிறந்து சில நாளில் பதில் வந்தது. நான் மதுரையில் இருந்தேன். சனிக்கிழமை நான் வரும்வரை பிரிக்காமல் அந்த உறையைச் சாவடித் தூணில் செருகி வைத்திருந்தார்கள். கணக்குப்பிள்ளைக்கு இங்கிலீஷ் தெரியாது. நான் பிரிக்கிறபோது ஊர் முழுக்கச் சுற்றி நின்றது, பெண்கள் சற்றுத் தள்ளி.

நாலே வரி. மனுதாரர்கள் தங்கள் கண்மாய் நிறைந்திருப்பதாகவும் குடிகள் மனநிறைவோடு வாழ்வதாகவும் தெரிவிக்கிறார்கள். கோரிக்கை எதுவும் காணப்படவில்லை. மேல் நடவடிக்கை தேவையில்லை. கீழே ஒரு கையெழுத்து. பாழாய்ப்போன இங்கிலீஷ், அன்றைக்கென்று ஒரு வார்த்தைகூடப் புரியாமல் போகவில்லை.

“என்ன மாப்ள எழுதியிருக்காக?” என்றார் மாமன்.

அய்யாவின் முகம் எனக்கு நேர் எதிரே இருந்தது. வாய் லேசாகத் திறந்திருந்தது. நான் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தேன்.

“மனு கெடைச்சுச்சாம் மாமா. கம்மாயைக் கவனிக்கிறோம்னு எழுதியிருக்காக.”

“எப்ப வாராகளாம்?”

அதற்கும் ஒரு பதில் சொன்னேன். அது என் கணக்கில் இரண்டாவது பொய். “மழைக்கு முன்னாடி” என்றேன்.

அய்யா தலையை ஆட்டிக்கொண்டு எல்லாரையும் ஒரு சுற்றுப் பார்த்தார். பார்த்தீர்களா என்று வாயால் கேட்கவில்லை, அவ்வளவுதான். யாரோ ஒருவர், “எதுக்கும் நாம கொஞ்சம் மண்ணைப் போட்டு வைப்பமா?” என்று இழுத்தார். “சர்க்காரு வார எடத்துல நாம கைய வச்சு, அதுக்கு ஒரு கேசு நடக்கவா? கூடையெல்லாம் எடுத்து வைங்கப்பா” என்றார் மாமன். கூடைகள் வீட்டுக்குப் போயின.

மழைக்கு இன்னும் இரண்டு மாதம் இருந்தது. ஊருக்குப் போய் ஒரே ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் போதும். திட்டுவார்கள், சிரிப்பார்கள், கரையை அடைத்திருப்பார்கள். நான் பரீட்சை என்று சொல்லி ஊர்ப் பக்கமே போகவில்லை. சனிக்கிழமைகளில் அறையில் உட்கார்ந்து வாக்கியங்களைப் பிரித்து எழுவாய், பயனிலை போட்டுக்கொண்டிருந்தேன். ஒருநாள் வைகையில் வெள்ளம் என்று பாலத்தில் கூட்டம் கூடியது. எல்லாரும் ஆஹா என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். செம்மண் நிறத்தில் தண்ணீர் போனது. நான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு அறைக்குத் திரும்பினேன்.

தீபாவளிக்கு ஊருக்குப் போனேன். கண்மாயில் வந்த தண்ணீர் இரண்டே நாளில் உடைப்பு வழியாக ஓடியிருந்தது. உள்ளே மாடு மேய்ந்துகொண்டிருந்தது. கீழ் வயல்களில் முழங்கால் அளவு மணல். அந்த வருஷம் ஊரில் ஒரு வீட்டிலும் நெல் இல்லை. சிலர் மதுரைக்கு மில் வேலைக்குப் போனார்கள். நாட்டாண்மை மாமன் தன் ஜோடிக் காளைகளை விற்றார். மாட்டுப் பொங்கலன்று அவற்றுக்குத் தன் கையாலேயே பொங்கல் ஊட்டிவிடுவார், வேறு ஆளை விடமாட்டார்.

என்னை ஒருவரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை. “நம்ம மாப்ள நல்லாத்தான் எழுதுனாரு. வெள்ளைக்காரன் வாக்கு தண்ணி மேல எழுத்து” என்றார் மாமன். எனக்கு ஆறுதலாக என் தோளில் தட்டியும் கொடுத்தார். திருடனுக்குத் தேள் கொட்டினால் கத்த முடியாதாம். நான் கத்தவில்லை. அடுத்த கோடையில் அவர்களே மண் போட்டு அடைத்தார்கள்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், இதைச் சொல்ல அதைவிடக் கூசுகிறது. அந்த வருஷக் கடைசியில், கண்ணால் கண்ட ஒரு கஷ்டத்தைப் பற்றிக் கட்டுரை எழுதச் சொன்னார் வாத்தியார். நான் அகராதியைப் புரட்டி மடைக்கும் உடைப்புக்கும் கரைக்கும் சொல் கண்டுபிடித்தேன். காலியான கண்மாயையும் விற்றுப்போன காளைகளையும் எழுதினேன். முதல் முறையாக என் ஊரை எழுதினேன். முடிவில் மகிழவும் இல்லை. வாத்தியார் மார்க்கைக் குறைக்கவில்லை. பத்துக்கு ஒன்பது போட்டு வகுப்பில் படித்துக் காட்டினார். அதன் பிறகு யாரும் என்னை அம்புட்டு என்று கூப்பிடவில்லை. அந்த ஒன்பது மார்க்கை நான் சந்தோஷமாக வாங்கிக்கொண்டேன் என்பதையும் மறைக்க மாட்டேன்.

படிப்பு முடிந்து மதுரையிலேயே ஒரு சர்க்கார் ஆபீஸில் குமாஸ்தாவானேன். கட்டுரை வந்தவனுக்கு ஆபீஸ் கடிதம் எழுதுவது சுலபம். யுத்தம் நடந்துகொண்டிருந்த ஒரு கோடையில், மத்தியானம் அய்யா ஆபீஸுக்கு வந்தார். பெட்ரோல் கிடைக்காமல் கரியில் ஓடிய பஸ்ஸில் வந்ததால் வேட்டியெல்லாம் புகை படிந்திருந்தது. கையில் ஒரு மூங்கில் குழாய். அதற்குள்ளிருந்து அந்தத் தாளை உருவி எடுத்தார்.

“மறுபடி அந்த எடமே கசியுது. இந்த மழைக்குத் தாங்காது. அன்னிக்குக் கவனிக்கிறோம்னு எழுதிக் குடுத்த தாளு இது, எட்டு வருசமாப் பத்திரமா வச்சிருக்கேன். பூச்சி அரிக்கக் கூடாதுன்னு வேப்பெலை போட்டு வச்சேன். நீ இப்ப உள்ளதான இருக்க. இதைக் காட்டிக் கேளு” என்றார்.

“நான் பாத்துக்கிறேன்ய்யா, தாங்க” என்றேன். அவர் தரவில்லை. உள்ளே தலைமைக் குமாஸ்தா இருப்பதைப் பார்த்துவிட்டார். “பெரியவரு அந்தா இருக்காரே, நானே காட்டுறேன்” என்று படியேறினார்.

அப்போதுதான் சொன்னேன். அது நேர்மையில் சேராது. தலைமைக் குமாஸ்தா படித்துவிடுவாரே என்ற பயம். அய்யாவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் வேப்ப மரத்தடியில் நிறுத்தி, அந்த நாலு வரியையும் வரி வரியாகத் தமிழில் சொன்னேன். பிறகு மனுவில் நான் என்ன எழுதினேன் என்பதையும் சொன்னேன்.

அவர் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“நெறஞ்சிருக்குன்னா எழுதுன?”

“ஆமாய்யா.”

“ஒடஞ்சு கெடந்த கம்மாயை?”

“ஆமாய்யா.”

“அப்ப அன்னிக்கு நாமளே மண்ணைப் போட்டிருக்கலாம்.”

“போட்டிருக்கலாம்ய்யா.”

அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் தாளைச் சுருட்டிக் குழாய்க்குள் போட்டு மூடினார். துண்டால் முகத்தைத் துடைத்தார்.

“ஊருல சொல்லிராத. அவன நம்புங்க, நம்புங்கன்னு அம்புட்டுப் பேருகிட்டயும் சொன்னவன் நானு” என்றார்.

சாப்பிட்டுப் போகச் சொன்னேன். வேண்டாம் என்று கிளம்பிவிட்டார்.

ஊருக்குப் போனவர், சர்க்காருக்கு இப்போது சண்டையைப் பார்க்கவே நேரமில்லையாம், நாமே போட்டுக்கொள்வோம் என்று சாவடியில் சொல்லியிருக்கிறார். வாழ்நாளில் பொய் சொல்லி நான் கேட்டிராத மனிதர். அடுத்த ஞாயிற்றுக்கிழமை குடிமராமத்து. நானும் போனேன். வேட்டியை மடித்துக் கட்டி வரிசையில் நின்றேன். அய்யா மண்ணை வெட்டிக் கூடையில் நிரப்பித் தூக்கிவிடுகிற இடத்தில் இருந்தார். நாட்டாண்மை மாமன் கிழவராகி, கரை மேல் கம்பை ஊன்றி உட்கார்ந்திருந்தார். காளை விற்ற பிறகு அவர் வேறு ஜோடி வாங்கவே இல்லை.

நான் மண்ணைக் கொட்டிவிட்டுத் திரும்பும்போது அவர் ஊருக்கே கேட்கும்படி சொன்னார்.

“பாருங்கடா! சர்க்கார் உத்தியோகம் பாக்குற மாப்ள, நமக்காக வந்து மண்ணு சொமக்குறாரு. படிச்ச புள்ளைன்னா இப்படில்ல இருக்கணும்!”

எல்லாரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள், அன்பாக. நான் அய்யாவைப் பார்த்தேன். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. காலிக் கூடையை வாங்கி, விளிம்பு வழிய மண்ணை நிரப்பி, மறுபடியும் என் தலையில் ஏற்றி வைத்தார்.